‘சீரியஸ்’ என்று எழுதிய தந்தி

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. முதல் வரியே ‘அட் திஸ் கிரிட்டிக்கல் ஜங்ச்சர்’ என்று ஆரம்பம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறிப்போனாள். கிரிட்டிக்கல் என்றால் அவளுக்கு ஆஸ்பத்திரிதான். யாருக்கும் ஒண்ணும் ஆகலை என்று சமாதானம் சொல்லிவிட்டு நானும் இரண்டு பக்கத்தையும் படித்தேன். விடுதியைப் பற்றி ஏதோ இருந்தது. ஆனால் சங்கத்துக்கு என்ன வந்துவிட்டது, நான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. செயலாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் என்னைவிடப் பத்து வருஷம் ஜூனியர். அந்த உரிமையில் சொல்கிறேன். அந்தச் சுற்றறிக்கைதான் இன்றைக்கு எனக்குத் தலைப்பு கொடுத்தது.

நான் இங்கே 1966 முதல் 1969 வரை பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். ஷேக்ஸ்பியரும் மில்டனும் படித்துவிட்டுத் தந்தி அலுவலகக் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருஷம் வார்த்தைகளை எண்ணி எண்ணிக் காசு வாங்கினேன். கவிஞருக்குக்கூட வார்த்தைக்கு இவ்வளவு என்று கணக்குக் கிடையாது, எங்களுக்கு உண்டு. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே முடிந்துபோனது. இப்போது பேரப்பிள்ளைகளுக்குத் தந்தி என்றால் பத்திரிகைப் பெயர்தான்.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியரை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு தடிப் புத்தகம். ரோஜெ என்ற ஆங்கில மருத்துவர் தொகுத்து 1852-இல் வெளியிட்ட தெசாரஸ். ஒரே பொருள் தரும் சொற்களை வரிசையாக அடுக்கி வைத்த புத்தகம். நாங்கள் கட்டுரை எழுதும்போது அதிலிருந்து ஒரு சொல்லை உருவிப் போட்டுவிடுவோம். சார் சிவப்பு மையால் சுழிப்பார். “ஏம்ப்பா, கல்யாண வீட்டுல எல்லாரும் சொந்தக்காரங்கதான். அதுக்காக மாப்பிள்ளைக்குப் பதிலா அவங்க சித்தப்பாவை மணையில உக்கார வைப்பியா?” என்பார். அவர் ஒரு வகுப்பு முழுக்க, ‘ஏதோ ஒன்று நடக்கப் போகிற நேரம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் இருக்கிறது, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று நடத்தினார். 1968-ஆம் வருஷம். நான் அதை எழுதி வைத்துக்கொண்டு பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன்.

முதலில் கிரைசிஸ். இது கிரேக்கச் சொல். மூலப்பொருள் ஆபத்து இல்லை, தீர்ப்பு, முடிவு. பிரித்துப் பார்த்து முடிவு கட்டுவது. கிரிட்டிக், கிரைட்டீரியன் எல்லாம் அதே வேரில் முளைத்தவைதான். பழைய கிரேக்க வைத்தியர்கள் நோயில் ஒரு கட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். நோயாளி பிழைப்பானா, போவானா என்று நோயே தீர்ப்புச் சொல்லிவிடுகிற நேரம் அது.

பெனிசிலின் வருவதற்கு முந்தைய காலத்து நிமோனியாவைப் பற்றிச் சார் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. காய்ச்சல் ஒரு வாரம் கொதிக்கும். ஏழாம் நாள், எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் வாக்கில் ஒரு ராத்திரி, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டி, சில மணி நேரத்தில் காய்ச்சல் சர்ரென்று இறங்கிவிடும். இல்லையென்றால் ஆள் போய்விடுவார். அந்த ராத்திரிக்குத்தான் டாக்டர்கள் கிரைசிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். டைபாய்டு மாதிரிப் படிப்படியாக நாள் கணக்கில் இறங்கினால் அதற்கு வேறு பெயர், லைசிஸ். ஆகவே கிரைசிஸ் என்பது கெட்ட செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்லபடியாகவும் முடியலாம். ஆனால் முடிந்தாக வேண்டும். நம் பாட்டிமார்கள் “ஒரு கண்டம் இருக்கு, தாண்டிட்டா ஆயுசு கெட்டி” என்பார்களே, அந்தக் கண்டம்தான் இதற்குக் கிட்டத்தில் வருகிறது. ‘நெருக்கடி’ என்று நாம் மொழிபெயர்க்கும்போது மூச்சு முட்டுவது வருகிறது, முடிவு கட்டுவது வரவில்லை.

இன்றைக்குப் பத்திரிகைகளில் பத்து வருஷமாக நடக்கிற கிரைசிஸ் எல்லாம் உண்டு. பழைய கணக்குப்படி பத்து வருஷம் நீடித்தால் அது கிரைசிஸே இல்லை; தீராத வியாதி. 1991-இல் நம் நாட்டுக்கு வந்தது அசல் கிரைசிஸ். அன்னியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அதன்பேரில் கடன் வாங்கினார்கள், ஜூலை மாதம் முதல் வாரத்தில் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு பக்கமாக முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. செய்தார்கள்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் பலகையில் இரண்டு சீன எழுத்தை வரைந்து, ‘சீன மொழியில் கிரைசிஸ் என்ற சொல்லில் ஆபத்தும் இருக்கிறது, வாய்ப்பும் இருக்கிறது’ என்று சொல்வார்கள். எங்கள் இலாகாவிலும் ஒருத்தர் வந்து சொன்னார், நாங்களும் கைதட்டினோம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி இதை மேடைகளில் சொல்லிப் பிரபலப்படுத்தியவர்களில் ஒருவர். ஆனால் விக்டர் மேர் என்ற சீனமொழி அறிஞர் இது சரியில்லை என்று விளக்கிவிட்டார். முதல் எழுத்து ஆபத்துதான். இரண்டாவது எழுத்துக்கு இந்த இடத்தில் வாய்ப்பு என்று பொருள் இல்லை, ஏதோ ஒன்று மாறத் தொடங்கும் புள்ளி என்றுதான் பொருளாம். கைதட்டினதை வாபஸ் வாங்க முடியாது, விடுங்கள்.

அடுத்தது எமர்ஜென்ஸி. இது லத்தீன். தண்ணீருக்குள் கிடந்த ஒன்று திடீரென்று மேலே வருவது. எமர்ஜ் என்றால் மேலெழுவது. எதிர்பார்க்கவில்லை, வந்துவிட்டது, உடனே ஏதாவது செய்ய வேண்டும். இங்கே யோசனைக்கு இடம் இல்லை, வேகத்துக்குத்தான் இடம். வீடு தீப்பிடித்தால் எமர்ஜென்ஸி. என்ன செய்வது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். கிரைசிஸ் என்றால் முடிவு கேட்கிறது. எமர்ஜென்ஸி என்றால் ஓட்டம் கேட்கிறது. இந்த ஒரு வரியைச் சார் இரண்டு தரம் சொல்லி எழுத வைத்தார். இதைத்தான் நான் கோட்டை விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் தலைமுறைக்கு எமர்ஜென்ஸி என்றால் 1975 ஜூன் 25-தான். அரசியல் சட்டத்தின் 352-ஆவது பிரிவு. தமிழ்ப் பத்திரிகைகள் ‘நெருக்கடி நிலை’ என்றன, ‘அவசர நிலை’ என்றும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு சொல். தமிழில் நெருக்கடி என்ற ஒரே பாயில் இரண்டு பேரையும் படுக்க வைத்துவிட்டோம். அந்த அவசரம் இருபத்தொரு மாதம் நீடித்தது. பிற்பாடு 44-ஆவது திருத்தத்தில், ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தை எடுத்துவிட்டு ‘ஆயுதம் தாங்கிய கலகம்’ என்று மாற்றினார்கள். ஒரு சொல்லை மாற்ற அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது, பாருங்கள்.

மலாயாவில் இன்னும் வேடிக்கை. நம் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், ‘எமர்ஜென்ஸி காலம்’ என்று அவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். 1948-இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்து, 1960-இல்தான் முடிந்தது. பன்னிரண்டு வருஷம்! பட்டாளமும் துப்பாக்கிச் சண்டையுமாக நடந்தது அசல் யுத்தம். யுத்தம் என்று பெயர் வைத்தால் தோட்டக்காரர்களுக்கும் சுரங்கக்காரர்களுக்கும் இன்ஷூரன்ஸ் பணம் வராமல் போய்விடும், அதனால்தான் எமர்ஜென்ஸி என்று வைத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு.

ஜங்ச்சர் என்றால் சேர்க்கை, மூட்டு. விழுப்புரம் ஜங்ஷன் என்கிறோமே, அதற்கு அண்ணன் தம்பி முறை. பல காரணங்கள் வந்து ஒரு இடத்தில் சேர்கிற நேரம். அந்தச் சொல்லில் தனியாக ஆபத்து எதுவும் இல்லை. விழுப்புரத்தில் வண்டி நின்றால் இறங்கி வடை வாங்குகிறோம், கூச்சல் போடுவதில்லை. அதனால்தான் ஆபத்து வேண்டும் என்கிறவர்கள் முன்னால் கிரிட்டிக்கல் என்று ஒன்றை ஒட்டிக்கொள்கிறார்கள். நம் செயலாளர் மாதிரி.

கிராஸ்ரோட்ஸ், அதாவது நாற்சந்தி, கொஞ்சம் வேறே. ஜங்ச்சரில் விஷயங்கள் வந்து சேர்கின்றன. நாற்சந்தியில் ஆள் வந்து நிற்கிறான், எந்தப் பக்கம் போவது என்று அவன்தான் தீர்மானிக்க வேண்டும். டர்னிங் பாயின்ட் என்கிற திருப்புமுனையோ, திரும்பின பிறகுதான் தெரியும். 1967 மார்ச்சில் இந்த மாநிலத்தில் ஆட்சி மாறியது. அடுத்த ஐம்பது வருஷத்திலும் காங்கிரஸ் அந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை. இன்றைக்குச் சரித்திரப் புத்தகத்தில் அது பெரிய திருப்புமுனை. அன்றைக்கு நாங்கள் இதே விடுதியில்தான் இருந்தோம். எங்களுடைய ஒரே கவலை, மெஸ்ஸில் ராத்திரிக்கு அரிசிச் சோறா, மறுபடியும் கோதுமையா என்பதுதான். ‘இதோ ஒரு டர்னிங் பாயின்ட் போகுது’ என்று யாரும் ஜன்னல் வழியாகக் காட்டவில்லை. ஆகவே ‘நாம் இப்போது ஒரு திருப்புமுனையில் நிற்கிறோம்’ என்று மேடையில் யாராவது பேசினால் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேளுங்கள். அவர் ஜோசியம் சொல்கிறார்.

வாட்டர்ஷெட் எனக்குப் பிடித்த சொல். இதில் இங்கிலாந்துக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் ஒத்துப்போகாது. இங்கிலாந்தில் அது மலை முகட்டுக் கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை ஒரு கடலுக்கு, அந்தப் பக்கம் விழுந்தது இன்னொரு கடலுக்கு. அமெரிக்காவில் அதே சொல் அந்த மழையெல்லாம் வடிந்து சேர்கிற நிலப்பரப்பைக் குறிக்கும். நம் அரசாங்கத்தின் நீர்வடிப்பகுதித் திட்டங்கள் அமெரிக்க வழி. ஆனால் ‘வாட்டர்ஷெட் ஆண்டு’ என்று சரித்திரத்தில் எழுதும்போது இங்கிலாந்து வழி. ஒரு கோடு, தாண்டிவிட்டால் தண்ணீர் திரும்பி வராது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெரியாறு தன் போக்கில் மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. பென்னிகுயிக் அணையைக் கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, 1895-இல் அந்தத் தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். வாட்டர்ஷெட்டையே ஏமாற்றினவர்கள் என்று மதுரைப் பக்கத்து நண்பர்கள் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

மைல்ஸ்டோனுக்கு அந்தக் கௌரவம் கிடையாது. மைல்கல்லில் பாதை திரும்புவதில்லை, இவ்வளவு தூரம் வந்தாச்சு என்று சொல்வதோடு சரி. கிளைமாக்ஸ் என்றால் கிரேக்கத்தில் ஏணி. முன்காலத்தில் ஏறுகிற படிகள் எல்லாம் சேர்ந்துதான் கிளைமாக்ஸ். உச்சிப்படிக்கு மட்டும் அந்தப் பெயர் பிற்பாடு வந்தது. நம் சினிமாக்காரர்கள் கடைசி ரீலில் போலீஸ் வருவதற்குக் கிளைமாக்ஸ் என்று பெயர் வைத்தது இன்னும் பிற்பாடு.

அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு எக்ஸிஜென்ஸி என்ற சொல் வயிற்றில் புளி கரைக்கும். ‘விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, எக்ஸிஜென்ஸீஸ் ஆஃப் பப்ளிக் சர்வீஸ் கருதி மறுக்கலாம்’ என்று விதியிலேயே இருக்கிறது. லத்தீனில் வற்புறுத்திக் கேட்பது என்று அர்த்தம். ஆபத்து ஏதும் வந்துவிடவில்லை, வேலை கேட்கிறது, அவ்வளவுதான். தங்கை கல்யாணத்துக்கு நான் கேட்ட பத்து நாள் லீவு நாலு நாளானது இந்தச் சொல்லால்தான். கன்டிஞ்ஜென்ஸி இன்னும் சாது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அரசியல் சட்டத்தின் 267-ஆவது பிரிவில் பெரிய நிதியாக இருக்கிற அதே சொல், எங்கள் ஆபீசில் துடைப்பத்துக்கும் மண்பானைக்கும் போடுகிற சில்லறைச் செலவு பில்லாக இருந்தது.

சரி, நான் கோட்டை விட்ட கதைக்கு வருகிறேன்.

1972, ஐப்பசி மாதம். ஒரு மாவட்டத் தலைநகரில் கவுன்ட்டரில் இருக்கிறேன். வெளியே நல்ல மழை. ஒரு பெரியவர் தலையில் போட்ட துண்டு நனைந்து வந்து நின்றார். “பம்பாயில பெரியவனுக்கு ஒரு தந்தி குடுக்கணும் சார், இங்கிலீசுல எழுதிக் குடுங்க” என்றார். என்ன விஷயம் என்றேன். சம்சாரத்துக்குச் சர்க்கரை வியாதி, காலில் புண், விரலெல்லாம் கறுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார், கையெழுத்துக் கேட்கிறார், தனக்குத் துணிச்சல் வரவில்லை, பெரியவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாவற்றையும் வரிசையாகத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். நான் பாதிக் காதில் கேட்டுக்கொண்டே பாரத்தை இழுத்து நாலு வார்த்தை எழுதினேன். ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.’

“எல்லாம் எழுதிட்டீங்களா சார்?”

“அதுலயே எல்லாம் வந்துடும் பெரியவரே.”

அந்தக் காலத்தில் ‘சீரியஸ்’ என்ற சொல் தந்தியில் போனால் என்ன பொருள் என்று என் வயசுக்காரர்களுக்குத் தெரியும். இறந்துவிட்டார் என்று எழுதினால் வழியில் பையன் ஏதாவது ஆகிவிடுவான் என்று வீட்டில் சீரியஸ் என்றுதான் எழுதச் சொல்வார்கள். எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அகராதியில் ‘கடுமையான’ என்றிருக்கிற சொல் நம் ஊர்த் தந்தியில் சாவாக மாறிவிட்டது. முப்பது தந்தியில் இருபது அப்படித்தான்.

நாலாம் நாள் ஒரு இளைஞர் கவுன்ட்டருக்கு வந்தார். பெரியவருடைய மகன். இரண்டு ராத்திரி ரயிலிலும் அப்புறம் பஸ்ஸிலும் வந்திருக்கிறார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“சார், நீங்கதான் எழுதினதுன்னு அப்பா சொன்னாரு. நான் அம்மா போயிட்டாங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன். மொட்டை போட்டுக்கணுமேன்னு ஒரு வாரம் லீவு சொல்லிட்டு, வழியில வேட்டி வாங்கிட்டு வந்தேன். ஆபரேஷன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா, அங்கிருந்தே ‘செய்யுங்க’ன்னு அன்னிக்கு ராத்திரியே தந்தி அடிச்சிருப்பேன் சார்” என்றார்.

அதற்குள் புண் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதை மேலே எடுத்தார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் முழங்கால் மிஞ்சியிருந்தால் செயற்கைக் கால் வைத்து நடப்பது எவ்வளவோ சுலபம் என்று பிறகு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து அந்தத் தந்தியைத் திருப்பி எழுதிப் பார்த்தேன். ‘மதர் ஆம்ப்யுடேஷன் அட்வைஸ்ட் ஒயர் கன்சென்ட்.’ அம்மாவுக்குக் கால் எடுக்கச் சொல்கிறார்கள், சம்மதம் தந்தியில் சொல். ஐந்து வார்த்தை. நான் எழுதினதற்கு மேல் ஒன்றே ஒன்று. அந்தப் பெரியவர் என்னிடம் கொண்டு வந்தது கிரைசிஸ்; ஒரு முடிவு கேட்டு வந்தார். நான் அதை எமர்ஜென்ஸி ஆக்கி, பையனை ஓட வைத்துவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வித்தியாசத்தை எழுதித்தான் மார்க் வாங்கினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

எனக்கு நேர்மாறாக ஒரு தவறு வானத்தில் நடந்தது. 1990 ஜனவரி 25. கொலம்பியா நாட்டிலிருந்து ஒரு போயிங் 707 நியூயார்க் வருகிறது. அங்கே மோசமான வானிலை. இறங்க இடம் இல்லாமல் விமானத்தை வானத்திலேயே மூன்று இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்க விடுகிறார்கள். எண்ணெய் குறைகிறது. விமானிகளின் தாய்மொழி ஸ்பானிஷ். துணை விமானி தரையோடு ஆங்கிலத்தில் பேசுகிறார். ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்கிறார், முன்னுரிமை. எண்ணெய் தீர்ந்துகொண்டு வருகிறது என்கிறார். முதல் தடவை இறங்க முயன்று முடியாமல் மேலே ஏறின பிறகு, எமர்ஜென்ஸி என்று சொல் என்று கேப்டன் அவருக்கு ஸ்பானிஷில் சொல்கிறார். அவர் மறுபடியும் எண்ணெய் தீர்கிறது என்றுதான் சொல்கிறார். அந்த ஒரு சொல் அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. தரையில் இருக்கிறவர்களுக்கு எமர்ஜென்ஸி என்ற சொல் காதில் விழுந்தால்தான் மற்ற விமானங்களை ஒதுக்கிவிட்டு வழி விடும் கடமை வரும். அன்று ராத்திரி எல்லா விமானத்துக்கும் அவசரம்தான். அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். நாலு என்ஜினும் நின்றுபோய் லாங் ஐலண்டில் ஒரு குன்றில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த விமானம் தீப்பிடிக்கவில்லை. எரிவதற்கு எண்ணெய் இல்லை.

எண்ணெய்க் கணக்கைச் சரியாகக் கவனிக்காததும், நிலைமையின் ஆபத்தைத் தரைக்குத் தெரிவிக்காததும் விமானிகள் தரப்பின் முக்கியமான தவறுகள் என்று அமெரிக்க விசாரணைக் குழு எழுதியது. விமானத் துறையில் இதற்கென்றே இரண்டு தரம் வைத்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ‘மேடே’ என்று மூன்று தரம் சொன்னால் உயிராபத்து. ‘பான் பான்’ என்று மூன்று தரம் சொன்னால் அவசரம், ஆனால் உடனடி உயிராபத்து இல்லை. இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. எத்தனை பேர் செத்த பிறகு இப்படி வார்த்தையை வரையறுத்தார்களோ!

நாற்பத்தொரு வருஷம் தந்தி நடந்தது, 1972-க்குப் பிறகு. அதில் நான் கவுன்ட்டரில் இருந்த காலம் முழுக்க, யார் வந்து ‘சீரியஸ்னு போடுங்க’ என்றாலும் நான் பேனாவை மூடி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பேன். அவர் வரணுமா? பதில் சொல்லணுமா? பணம் அனுப்பணுமா? சில பேர் எரிச்சல்படுவார்கள். பின்னால் நிற்கிறவர்கள் ‘என்ன சார், கோர்ட்டா இது?’ என்பார்கள். ஒரு அம்மா மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “வர வேணாம் சார், பணமும் வேணாம். ஒரு கடுதாசி போட்டா போதும்னு எழுதுங்க” என்றார். மகன் ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷமாம். உடம்புக்கு எதுவும் இல்லை. சீரியஸ் என்று போட்டால்தான் பதில் வரும் என்று யாரோ சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்.

மணி ஒன்றாகப் போகிறது, சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. செயலாளர் தம்பி, உங்கள் சுற்றறிக்கையை மறுபடியும் எடுத்து வந்திருக்கிறேன். கிரிட்டிக்கல் ஜங்ச்சர் என்று போட்டிருக்கிறீர்கள். அதே மூன்று கேள்விதான். நாங்கள் வரணுமா, பதில் சொல்லணுமா, பணம் அனுப்பணுமா?

(செயலாளர், “பணம்தான் சார், விடுதிக் கூரை ஒழுகுது” என்கிறார். சிரிப்பு.)

இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் போன மாதமே அனுப்பியிருப்பேன். இந்தாருங்கள், கவர். வடமேற்கு மூலை அறையில் நானும் இன்னும் மூன்று பேரும் இருந்தோம். அந்தப் பக்கம் ஓடு அப்போதே ஒழுகும். கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டுதான் மூன்று மழைக்காலம் படித்தோம். அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.